அமைதிப் பணிக்கு நல்கை: புனே முதல் காந்திகிராமம் வரை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புனே நகரிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஊர் சாகண் ஆகும். இங்குள்ள சங்கிராம துர்க்கம் என்னும் கோட்டை, 1660ஆம் ஆண்டு சாயிஸ்தகானின் முகலாயப் படையைப் பிரங்கோஜி நர்சாளா தலைமையில் ஏறத்தாழ இரு மாதங்கள் எதிர்த்து நின்ற சிறப்புக்குரியது. சாகண் அடங்கிய கேட் வட்டத்தின் தலைநகரிலேயே, பகத்சிங்குடன் 1931ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட சிவராம் ஹரி ராஜகுரு பிறந்தார்; அவ்வூர் இன்று அவர் பெயராலேயே ராஜகுருநகர் என வழங்குகின்றது. ஞானேசுவரர் அடங்கிய ஆளந்தியும் இவ்வட்டத்தைச் சார்ந்ததே. போரும் புரட்சியும் பக்தியும் ஒருங்கே நினைவுகூரப்படும் இந்நிலப்பகுதி, கடந்த முப்பதாண்டுகளில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த பெருந்தொழிற்பேட்டையாக மாறியுள்ளது.

2018ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள், மராத்தியர் இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சியின்போது சாகணில் வன்முறை வெடித்தது. பேருந்துகளும் பிற வாகனங்களும் எரிக்கப்பட்டன, தடையாணை பிறப்பிக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில், இதே புனே மாவட்டத்தில் பீமா கோரேகாவ் பகுதியில் மற்றொரு கலவரம் நிகழ்ந்திருந்தது. கலவரம் மூண்ட பின்னர்க் காவல்துறை வருகின்றது, விசாரணை ஆணையம் வருகின்றது, செய்தியாளர் வருகின்றனர். கலவரத்திற்கு முந்தைய நாளில் அவ்வூருக்கு வந்திருக்க வேண்டியவர் யார் என்னும் வினாவிற்கு விடை எளிதன்று.

அத்தகையோரைப் பயிற்றுவித்து, அவர்தம் வாழ்வுக்குப் பொருள் வழங்கி, அமைதிப் பணிக்கு அனுப்பும் முயற்சிகள் உலகெங்கும் பல்கலைக்கழகங்களின் வழி இன்று நடைபெறுகின்றன. 2024ஆம் ஆண்டு ரோட்டரி அறக்கட்டளை, தனது புதிய அமைதி மையத்தை அமைக்கப் புனேயிலுள்ள சிம்பயாசிஸ் பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. இதனைப் புனேக்கு வந்த புதுமை எனக் கருதுவோர் உளர். ஆயின் கற்ற இளைஞர்க்கு உதவித்தொகை வழங்கி நல்லிணக்கப் பணிக்கு ஆட்படுத்தும் முறை அந்நகரில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தோன்றிவிட்டது. தமிழ்நாட்டிற்கும் அவ்வரலாற்றில் பங்குண்டு. அமைதிப் பணியாளனுக்குப் பொருள் வழங்குவோர் யாவர், அப்பொருளைப் பெற்றவன் யாருக்குக் கடமைப்பட்டவன், எங்கு எத்துணைக் காலம் பணியாற்றக் கடவன் என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரிசிலும் சந்தும்

கொடை பெறுபவரே பகைத்த இருவரிடையே நின்று சந்து செய்தலைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. கோவூர்கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பலமுறை பாடிய புலவர். அவனது கொடையை நாடியவர். அந்நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு, உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்த காலத்து, இருவரும் ஒரே குடியினர் என்பதை எடுத்துக்காட்டி, எவர் தோற்பினும் தோற்பது அக்குடியே என அறிவுறுத்தியதைப் புறநானூற்றின் 45ஆம் பாடல் காட்டுகின்றது. மலையமான் மக்களை யானைக்காலில் இடவிருந்த கிள்ளிவளவனிடமும் (46), இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதிக் கொல்லவிருந்த நெடுங்கிள்ளியிடமும் (47) அவரே சென்று உயிர் காத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையாரும் (95) இவ்வகையில் எண்ணத்தக்கவர்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கொடுத்தவன் முகத்துக்கு நேரே கசப்பான உண்மையைக் கூறும் உரிமையைப் பரிசில் பெற்றவன் இழந்துவிடவில்லை. தன்னை நேரில் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தமையும் (208) இவ்வுரிமையுணர்வின் வெளிப்பாடே. எனினும் சங்கப் புலவர்களை அமைதியின் தூதுவர்கள் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அதே புலவர்கள் எரியூட்டலையும் கொள்ளையையும் புகழ்ந்து பாடியுள்ளனர். பொருள் வழங்குவோனுக்கும் சந்து செய்வோனுக்கும் இடையிலான உறவு சிக்கலானது என்பதும், கொடையால் அவனது நாவு கட்டப்படாதபோதே சந்து பயன்தரும் என்பதும் இச்சான்றுகளால் பெறப்படும் கருத்துகளாகும்.

'நல்கை' என்னும் சொல்லும் இம்மரபினின்று வந்ததே. நல்குதல் என்பது கொடுத்தலோடு அருளுதலையும் குறிக்கும். இன்று உயர்கல்வித் துறையில் மானியத்தைக் குறிக்க அச்சொல் ஆளப்படுகின்றது. 'பெல்லோஷிப்' என்னும் ஆங்கிலச் சொல் முதலில் தோழமையையே குறித்தது. பின்னரே கல்லூரிக் குழாத்தின் உறுப்பினர் நிலையையும், அதற்குரிய ஊதியத்தையும் குறிக்கலாயிற்று. இரு சொற்களிலும் பொருள் வழங்குதலுக்கு முன்னே மனித உறவு ஒன்று நிற்பதைக் காணலாம்.

புனேயின் முதல் முயற்சி: இந்திய ஊழியர் சங்கம்

1884ஆம் ஆண்டு புனேயில் தக்காணக் கல்விக் கழகம் தோன்றியது. அதன் பெர்குசன் கல்லூரி 1885ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கழகத்தின் ஆயுள் உறுப்பினராகச் சேரும் ஆசிரியர், இருபது ஆண்டுகள் குறைந்த ஊதியத்தில் பணியாற்ற உறுதி ஏற்க வேண்டும். மாதம் 75 ரூபாய் என்னும் அவ்வூதியத்தை ஏற்று அங்குக் கற்பித்தவருள் ஒருவர் கோபால கிருஷ்ண கோகலே ஆவார். கல்விக்கென ஏற்பட்ட இவ்வேற்பாட்டினைப் பொதுவாழ்வுக்கு விரிவாக்கினால் என்ன என்னும் எண்ணத்தின் விளைவே 1905ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம்.

இச்சங்கத்தில் சேர்வோர் ஏழு உறுதிமொழிகளை ஏற்க வேண்டும். நாட்டையே முதன்மையாகக் கருதுதல், தன்னலம் நாடாமை, சாதி சமய வேறுபாடின்றி இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தோராக எண்ணிப் பணியாற்றல், தமக்கும் தம் குடும்பத்திற்கும் சங்கம் செய்யும் ஏற்பாட்டோடு அமைதல், தூய தனிவாழ்வு, யாருடனும் தனிப்பட்ட பூசலில் ஈடுபடாமை, சங்கத்தின் நோக்கங்களைக் காத்தல் என்பன அவற்றின் சாரமாகும். புதிதாகச் சேர்ந்தோர் ஐந்தாண்டுகள் பயிற்சி பெற்றனர். நூற்பயிற்சியும் நாடு சுற்றி அறிதலும் அதன் இரு கூறுகளாயிருந்தன. சமூகங்களிடையே நல்லெண்ணத்தையும் ஒத்துழைப்பையும் வளர்த்தல் சங்கத்தின் வெளிப்படையான குறிக்கோள்களுள் ஒன்றாக இருந்தது. இக்கால மொழியில் கூறுவதாயின், பட்டதாரி இளைஞர்க்கு உதவித்தொகையும் பயிற்சியும் அளித்து நல்லிணக்கத்திற்கு ஆயத்தப்படுத்திய முறையான முயற்சி இது எனலாம்.

இவ்வழைப்பு தமிழ்நாட்டையும் எட்டியது. வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் புகழுடன் விளங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1907ஆம் ஆண்டு அப்பதவியைத் துறந்து சங்கத்தில் சேர்ந்தார். கோகலே 1915ஆம் ஆண்டு மறைந்தபின் அதன் தலைவரானார். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராக 1927 முதல் 1929 வரை பணியாற்றிய காலத்தில், வெள்ளையர் ஆட்சிக்கும் அங்குக் குடியேறிய இந்தியர்க்கும் இடையே இணக்கம் காண முயன்றார். அவ்விந்தியருள் தமிழர் கணிசமானோர் ஆவர். டர்பன் நகரில் அவர் பெயரால் அமைந்த சாஸ்திரி கல்லூரி அப்பணியின் நினைவாக நின்றது. பின்னர் 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். பழங்குடியினரிடையேயும் ஒடுக்கப்பட்டோரிடையேயும் தம் வாழ்நாளைச் செலவிட்ட தக்கர் பாபாவும் 1914ஆம் ஆண்டு இச்சங்கத்தில் சேர்ந்தவரே.

இம்முறையின் வலிமை அதன் காலநீட்சியாகும். ஆயுள் முழுதும் உறுதி ஏற்றவன் அவசர விளைவைக் காட்டித் தன் இருப்பை நியாயப்படுத்த வேண்டியதில்லை. இதன் குறையும் அவ்வலிமையிலேயே அமைந்திருந்தது. வாழ்நாள் முழுவதையும் வழங்கக்கூடியோர் மிகச் சிலரே. ஆதலின் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை எக்காலத்தும் பெரிதாக இருந்ததில்லை. மேலும் ஆங்கிலக் கல்வி பெற்ற மேல்தட்டு ஆடவரே அதில் மிகுந்திருந்தனர். அவர்கள் நல்லிணக்கத்தைப் பேசிய ஊர்களில் பூசலின் சுமையைத் தாங்கியோர் அச்சங்கத்தின் பயிற்சி அறைக்குள் நுழைய வாய்ப்பில்லாதவராக இருந்தனர்.

கோகலே திறந்த கணக்கு

இவ்வரலாற்றில் சிறிதெனினும் பொருள் பொதிந்த நிகழ்ச்சி ஒன்று 1915ஆம் ஆண்டு நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் புனேக்கு வந்து கோகலேயைச் சந்தித்தார். அவரைச் சங்க உறுப்பினராக்கக் கோகலே விரும்பினார். சங்கத்தார் சிலருக்கோ காந்தியடிகளின் வழிமுறைகளோடு தங்கள் வழிமுறைகள் ஒத்துப்போகா என்னும் ஐயம் இருந்தது. உறுப்பினராக ஏற்கப்பட்டாலும் ஏற்கப்படாவிட்டாலும் ஆசிரமச் செலவைத் தாம் பொறுப்பேற்பதாகக் கோகலே கூறினார். டாக்டர் தேவ் என்பாரை அழைத்துச் சங்கப் பேரேட்டில் காந்தியடிகளுக்கென ஒரு கணக்கைத் தொடங்குமாறும், ஆசிரமத்திற்கும் பொதுப்பணிக்கும் வேண்டுவன அனைத்தையும் வழங்குமாறும் பணித்தார். இதனைக் காந்தியடிகளே தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். ஓராண்டுக் காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், பொதுப் பிரச்சினைகளில் அதுவரை கருத்துரைக்கலாகாது என்பதே கோகலே கேட்டுக்கொண்டது.

சில நாள்களில் கோகலே மறைந்தார். உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை உணர்ந்த காந்தியடிகள் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கருத்து மாறுபாட்டை அறிந்தே ஒருவர்க்குப் பொருள் வழங்க முன்வந்த இந்நிகழ்ச்சி, நலங்கிள்ளி – கோவூர்கிழார் உறவை நினைவூட்டுவதாகும். முதல் ஓராண்டு பேசாமல் பார்த்துக் கேட்க வேண்டும் என்னும் நிபந்தனை, அமைதிப் பணிக்கான பயிற்சி முறைகளுள் மிகச் சுருக்கமானதும் மிகக் கடினமானதும் ஆகும்.

அமைதிப் படையும் பிடி தானியமும்

மதக்கலவரங்களைக் காவல்துறையின்றி எதிர்கொள்ளும் அமைதிப் படை குறித்துக் காந்தியடிகள் 1938ஆம் ஆண்டு சூன் மாதம் 'ஹரிஜன்' இதழில் எழுதினார். அப்படையினர்க்குரிய தகுதிகளை அவர் ஒவ்வொன்றாகக் கூறுகின்றார். அகிம்சையில் நம்பிக்கை, எல்லாச் சமயங்களிடத்தும் சமமதிப்பு, நடுநிலை பிறழாமை ஆகியவற்றோடு வேறு மூன்று கருத்துகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதன. முதலாவது, இப்பணி பொதுவாக உள்ளூராராலேயே தத்தம் இடங்களில் செய்யத்தக்கது. இரண்டாவது, தொண்டின் வழியே மக்களோடு முன்னரே பழகியிருத்தல் வேண்டும். மூன்றாவது, தீ மூளும் வரை காத்திராமல் அதன் அறிகுறிகளைக் கண்டவுடனே செயற்படல் வேண்டும். முன்னுரையில் எழுப்பப்பட்ட வினாவிற்கு இக்கட்டுரையாளர் அறிந்தவற்றுள் தெளிவான விடை இதுவே.

1946ஆம் ஆண்டு நவகாளிக் கலவரப் பகுதியில் அவர் தம் தோழர்களை ஊருக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பியமை இக்கொள்கையின் செயல்வடிவமாகும். 1948ஆம் ஆண்டு அவர் கொல்லப்பட்டபின் இக்கருத்தை விநோபா பாவே ஏற்று, 1957ஆம் ஆண்டு தம் கேரள நடைப்பயணத்தின்போது சாந்தி சேனையைத் தொடங்கினார். 5,000 மக்களுக்கு ஒரு சாந்தி சைனிகர் என்பது அவர் வகுத்த கணக்கு. அதன்படி நாடு முழுவதற்கும் 70,000 பேர் வேண்டியிருந்தனர்.

இத்துணைப் பேருக்கு உணவளிப்பது யார் என்னும் வினாவிற்கு விநோபா கண்ட விடை குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு வீட்டிலும் 'சர்வோதய பாத்திரம்' ஒன்று வைக்கப்பட வேண்டும். அதில் நாள்தோறும் வீட்டுக் குழந்தை ஒரு பிடி தானியம் இட வேண்டும். அதுவே சாந்தி சைனிகரின் உணவு. தமிழ்நாட்டில் வழங்கும் பிடி அரிசித் திட்டத்தை அறிந்தோர்க்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். செல்வர் ஒருவரின் பெருங்கொடையை உண்பவன் அவருக்குக் கடமைப்பட்டவன். தெருவின் எல்லா வீட்டுப் பிடி தானியத்தையும் உண்பவனோ, அத்தெருவின் இரு தரப்பினர்க்கும் கடமைப்பட்டவனாகின்றான். அவன் ஒரு தரப்பைச் சார்ந்து நின்றால், மறுதரப்பின் பாத்திரங்கள் வெறுமையாகிவிடும். நடுநிலையை அறிவுரையால் மட்டும் வலியுறுத்தாமல் உணவு வரும் வழியிலேயே அமைத்த திட்டம் இது. ஆயின் எண்ணிய அளவில் பாத்திரங்களும் நிறையவில்லை. படையும் 70,000 என்னும் இலக்கை அணுகவில்லை. பொருள் வரும் வழி எத்துணைச் சிறந்ததாயினும் அது நிலையானதாக இல்லாவிடில் பணி தளரும் என்பதை இத்தோல்வி உணர்த்துகின்றது.

காந்திகிராமம்: பாடத்திட்டத்தில் அமைதி

இந்நிலையாமைக்குப் பல்கலைக்கழகத்தின் வழி ஒரு தீர்வு காண முயன்ற இடம் திண்டுக்கல் அருகிலுள்ள காந்திகிராமம் ஆகும். மருத்துவர் செளந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டு இதனை நிறுவினர். 1956ஆம் ஆண்டு இங்குத் தோன்றிய கிராமிய நிறுவனம் 1976ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1960ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் போர் எதிர்ப்பாளர் பன்னாட்டு அமைப்பின் மாநாடு இங்கு நடைபெற்றது. உலக அமைதிப் படை ஒன்றினை அமைக்கும் எண்ணம் அம்மாநாட்டில் வலுப்பெற்று, 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லெபனான் நாட்டின் புரும்மானாவில் செயலுருப் பெற்றது. ஐரோப்பிய அமைதி இயக்கத்தினர் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூர்ச் சூழலில் கூடி உலக அமைதிக்குத் திட்டமிட்டமை நம் பல்கலைக்கழக வரலாறுகளில் போதிய அளவு பேசப்படாத செய்தியாகும்.

காந்திகிராமத்தில் சாந்தி சேனை மாணவர் பயிற்சியின் ஒரு பகுதியாக நடத்தப்பெற்றது. ஊரகத் தங்கலும் கல்வியோடு இணைக்கப்பட்டது. வாழ்நாள் உறுதிமொழிக்கு மாற்றாகப் பட்டப்படிப்புக் காலத்தையே பயிற்சிக் காலமாகக் கொண்டமையால், இந்திய ஊழியர் சங்கத்தை எட்ட இயலாத உழவர், நெசவாளர் குடும்பத்து இளைஞரும் இதில் பங்குபெற வழி ஏற்பட்டது. 1969ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் தொண்டினை உயர்கல்வியோடு நாடளாவ இணைத்தது. எனினும் அதன் நோக்கம் தொண்டே அன்றிச் சந்து செய்தல் அன்று.

இம்மரபின் இயல்பை விளக்க எம். அறம் அவர்களின் வாழ்வு பெரிதும் துணைபுரிகின்றது. கோவைப் பகுதிக் கல்வியாளரான இவர், 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் நாகாலாந்தில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து அங்குச் சென்றார். அப்போர்நிறுத்தத்திற்கு வழிகோலிய அமைதிக் குழுவில் ஜெயப்பிரகாசு நாராயண், அசாம் முதலமைச்சர் பி. பி. சாலிகா, மதகுரு மைக்கேல் ஸ்காட் ஆகிய மூவர் இடம்பெற்றிருந்தனர். அம்மூவரும் அறியப்பட்ட தலைவர்கள். அறமோ நாகாலாந்து அமைதி மையத்தின் பொறுப்பேற்று அம்மண்ணிலேயே தங்கியவர். 1966ஆம் ஆண்டு அமைதிக் குழு கலைந்தது. 1972ஆம் ஆண்டு போர்நிறுத்தமும் முடிவுக்கு வந்தது. அவ்வெட்டாண்டு அனுபவத்தை அவர் நூலாக எழுதினார். அது 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னாளில் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் நாடாளுமன்ற மாநிலங்களவை உறுப்பினராகவும் விளங்கினார். தலைவர்கள் கலைந்த பின்னரும் தங்கியிருந்த ஒருவர், தாம் கற்றதை மாணவர்க்குக் கொண்டுவந்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்குச் சென்று தங்கி, நிலமற்றோர்க்கு நிலம் கிடைக்கப் பல்லாண்டுகள் உழைத்தமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பூசலின் வேர் நிலவுடைமையில் இருக்கும்போது, நிலத்தைப் பேசாத அமைதி நிலைக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இக்கால நல்கைகள்

இருபத்தோராம் நூற்றாண்டில் இம்முயற்சிகள் புதிய வடிவம் பெற்றன. ரோட்டரி அறக்கட்டளையின் அமைதி நல்கையாளர் முதல் குழுவினர் 2002ஆம் ஆண்டு கல்வி தொடங்கினர். பிராட்போர்டு, உப்சாலா, குயின்சுலாந்து, தோக்கியோவின் பன்னாட்டுக் கிறித்துவப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் முதுநிலைப் படிப்பும், 2006ஆம் ஆண்டு முதல் பாங்காக்கின் சுலலாங்கோன் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ்ப் படிப்பும் இவ்வுதவியால் நடைபெற்றன. பின்னர் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் அமைந்தது.

மற்றொரு முயற்சி அமெரிக்கரான கேத்ரின் வாசர்மன் டேவிஸ் அம்மையாருடையது. 2007ஆம் ஆண்டு தம் நூறாவது பிறந்தநாளையொட்டி, கல்லூரி மாணவர் கோடை விடுமுறையில் நிறைவேற்றத்தக்க 100 அமைதித் திட்டங்களுக்குத் தலா 10,000 டாலர் வழங்க முன்வந்தார். 'அமைதிக்கான திட்டங்கள்' என்னும் இவ்வேற்பாடு தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. புனே மாவட்டத்தின் முல்சி வட்டத்தில் 1997ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மகிந்திரா யுனைடெட் வேர்ல்டு கல்லூரியும் இதனோடு தொடர்புடையது. அங்குப் பயின்று அமெரிக்கக் கல்லூரிகளுக்குச் செல்லும் டேவிஸ் உதவித்தொகை மாணவர் இத்திட்டத்திற்கு விண்ணப்பிக்க இயலும்.

புனேயின் புதிய மையத்தை ஏற்றுள்ள சிம்பயாசிஸ் நிறுவனத்தின் தோற்றமும் இங்கு நினையத்தக்கது. பெர்குசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராயிருந்த எஸ். பி. முஜும்தார், புனேயில் தங்கிப் பயின்ற வெளிநாட்டு மாணவர் படும் துன்பத்தைக் கண்டு 1971ஆம் ஆண்டு இதனை நிறுவினார். இருவேறு உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாக இணைந்து வாழ்தலைக் குறிக்கும் தாவரவியற் சொல்லையே நிறுவனத்தின் பெயராக வைத்தார். கோகலே கற்பித்த அதே கல்லூரியின் மற்றோர் ஆசிரியரது முயற்சியினின்று இம்மையத்தின் களம் உருவாகியிருப்பது தற்செயலாயினும் பொருத்தமுடையதேயாகும்.

இந்நல்கைகளின் சிறப்பு அவற்றின் திறந்த தன்மையாகும். பெண்களும் பல நாட்டினரும் பல சமயத்தினரும் இவற்றில் பங்குபெறுகின்றனர். 1905ஆம் ஆண்டுச் சங்கத்தோடு ஒப்பிடின் இது பெரும் முன்னேற்றமாகும். ஆயின் கோடை விடுமுறை அளவிலான திட்டம் ஒன்று நூலகத்தையோ கிணற்றையோ ஊருக்கு விட்டுச் செல்ல இயலும். பகைத்த இரு தெருக்களிடையே நம்பிக்கையை விட்டுச் செல்லுதல் அரிது. மேலும் நல்கை பெற்றவன் தன் அறிக்கையைக் கடல் கடந்த கொடையாளர்க்கு அனுப்புகின்றான். அவ்வூர் மக்கள் அதனைப் படிப்பதில்லை. ரோட்டரியின் சான்றிதழ்ப் படிப்பில், சில வாரங்கள் மையத்தில் பயின்றபின் ஒன்பது மாதங்கள் தத்தம் பகுதியிலேயே சமூக மாற்றத்திற்கான பணியை மேற்கொள்ளும் முறை இடம்பெற்றுள்ளது. காந்தியடிகள் 1938ஆம் ஆண்டு வலியுறுத்திய உள்ளூர்மையை நோக்கி மீண்டும் அடியெடுத்து வைத்த மாற்றமாக இதனைக் கொள்ளலாம்.

சாகண் என்னும் உரைகல்

இவ்வரலாறு தரும் படிப்பினையைச் சாகணில் பொருத்திப் பார்த்தல் பயனுடையது. 2013ஆம் ஆண்டு சாகணிலுள்ள பஜாஜ் ஆட்டோ தொழிற்சாலையில் 50 நாள்கள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. அக்குழுமத்தின் நிறுவனர் ஜம்னாலால் பஜாஜ், காந்தியடிகளின் வார்தா நிறுவனங்களுக்குப் பெரும்பொருள் வழங்கி, அவரால் மகன்போல் கருதப்பட்டவர். அதே காந்தியடிகள் 1918ஆம் ஆண்டு அகமதாபாத்து ஆலைத்தொழிலாளர் போராட்டத்தில் தமக்கு நெருங்கிய ஆலையதிபருக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நின்றார் என்பதும் வரலாறு. தொழில் நிறுவனத்தின் பொருளைப் பெற்றுச் சாகணுக்கு வரும் அமைதிப் பணியாளன், அத்தகைய ஒரு நாளில் எங்கு நிற்பான்? அவனது நல்கை ஆவணத்தில் இவ்வினாவிற்கு இடமுண்டா? கோவூர்கிழாருக்கு இருந்த உரிமை அவனுக்கும் இருத்தல் வேண்டும்.

மேலும் சாகண் இன்று பல மாநிலத் தொழிலாளர் வந்து தங்கும் ஊர். பழைய உழவர் குடியினர், ஒப்பந்தத் தொழிலாளர், வணிகர் எனப் பல தரப்பினர் அங்கு வாழ்கின்றனர். 2018ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னணியில் வேலைவாய்ப்பும் நிலமும் கல்வியும் குறித்த ஏக்கங்கள் இருந்தன. இவற்றை அறிய மராத்தியோடு இந்தியும் அறிந்தவராய், சந்தையிலும் தொழிலாளர் குடியிருப்பிலும் பல பருவங்கள் பழகியவராய் ஒருவர் வேண்டும். கோகலே காந்தியடிகளிடம் கேட்ட ஓராண்டு மௌனம் அங்கேதான் பொருளுடையதாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. அமைதிப் பணிக்கு நல்கை வழங்கும் முறை புனேயில் 1905ஆம் ஆண்டிலேயே முறையான வடிவம் பெற்றது. தமிழ்நாட்டினர் அதில் தலைமைப் பங்கேற்றனர். இந்திய ஊழியர் சங்கம் காலநீட்சியைத் தந்தது. ஆயின் சிலர்க்கே உரியதாயிற்று. விநோபாவின் சாந்தி சேனை, பொருள் வரும் வழியையே நடுநிலைக்குக் காவலாக்கியது, ஆயின் நிலைக்கவில்லை. காந்திகிராமம் அதனை எளிய குடும்பத்து மாணவர்க்கும் கல்வியின் பகுதியாக்கியது. இக்கால நல்கைகள் உலகளாவிய பங்கேற்பைத் தந்துள்ளன. ஆயின் காலத்தாலும் கடப்பாட்டாலும் உள்ளூரிலிருந்து விலகி நிற்கும் இடர் அவற்றுக்கு உண்டு.

எனவே, நல்கையின் தொகையைக் காட்டிலும், அதனைப் பெற்றவன் தங்கும் காலமும், தன் பணியைக் குறித்து அவன் விடை கூற வேண்டிய மக்களுமே அதன் பயனை முடிவு செய்கின்றன எனலாம். தமிழகப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய நல்கைகளை உருவாக்க முற்படுமாயின், இரண்டு விதிகளை ஏற்றல் நலம். நல்கையாளர் குறைந்தது ஓராண்டேனும் ஓர் ஊரில் தங்கியபின்னரே தம் திட்டத்தை எழுத வேண்டும். அவர்தம் அறிக்கை முதலில் அவ்வூர் மக்கள்முன் அவர்கள் மொழியிலேயே படிக்கப்பட வேண்டும். சாகணிலாயினும் வெண்மணியிலாயினும், கலவரத்திற்கு முந்தைய நாளில் அவ்வூரில் இருக்கத்தக்கவர் அவ்வாறு தங்கியவர் மட்டுமே.